ஒரு படம் கறுக்கும், ஒரு படம் வெளுக்கும்: பழைய கேமராவோடு ஸ்ரீரங்கமும் திருவெள்ளறையும்

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை கரூரிலிருந்து கிளம்பி ஸ்ரீரங்கம், மலைக்கோட்டைக் கடைவீதி, திருவெள்ளறை மூன்றையும் ஒரே நாளில் சுற்றிவிட்டு வந்தேன். ஏன் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரே கோபுரத்தை இந்த மனுஷன் எதற்காக இத்தனை தடவை எடுத்தான் என்று பாதியில் குழம்புவீர்கள்.

என் மனைவி கோமதி ஓமானில், சலாலா என்ற ஊரில், ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறு வருஷமாகிறது. இரண்டு வருஷ ஒப்பந்தம், முடிந்ததும் ஒரு மாத லீவு, பிறகு மறுபடி ஒப்பந்தம், மறுபடி விமானம். மூன்றாவது ஒப்பந்தம் இந்த ஆவணியோடு முடிகிறது. நீட்டிக்கிறாளா, ஊர் திரும்புகிறாளா என்பதை அந்த வாரக் கடைசிக்குள் அவள் சொல்லியாக வேண்டும். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். கரூர் வீட்டில் நானே காபி போட்டு நானே குடித்துக்கொண்டிருக்கிறேன். போனில் பேசும்போதெல்லாம் ‘வந்துவிடு’ என்ற சொல் வாய் வரைக்கும் வரும். ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டு முடித்துவிடுவேன்.

புதன்கிழமை அவளாகவே ஒன்று கேட்டாள். “ஏங்க, வெள்ளை கோபுரத்தப் பாக்கணும் போல இருக்கு. அப்படியே திருவெள்ளறை குளமும். எடுத்து அனுப்புறீங்களா? போன்ல வேணாம். போன்ல எடுத்தா வேற யாரோ எடுத்த மாதிரி இருக்கு. நம்ம கேமராவுல எடுங்க.”

கோமதி பிறந்து வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில். அவள் அப்பா கீழ அடையவளஞ்சான் வீதியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அவள் கண்ணில் பட்டது அந்த வெள்ளைக் கோபுரம்தான். எனக்கு உடனே ஒரு கணக்கு ஓடியது. படம் அருமையாக அமைந்தால் அவளுக்கு ஊர் ஏக்கம் வரும், ஏக்கம் வந்தால் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டாள், நான் வாய் திறந்து எதையும் கேட்க வேண்டியதில்லை. அலமாரியிலிருந்து கேமராவை எடுத்துத் தூசி தட்டி பேட்டரியைச் சார்ஜில் போட்டேன்.

அது மகள் ஒன்றாம் வகுப்புப் போகும்போது வாங்கிய கேமரா. கழுத்தில் மாட்டினால் செங்கல்லைத் தொங்கவிட்டதுபோல இருக்கும், லென்ஸைக் கழற்றி மாட்டலாம். கோமதி போன லீவில் வந்தபோது தொட்டது, அதற்குப் பிறகு நான் தொடவில்லை. ஆன் செய்ததும் என்ன தேதி, என்ன மணி என்று என்னையே கேட்டது. வயதாகிவிட்டது, பாவம் என்று சொல்லி நேரத்தை வைத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கரூரில் பஸ் ஏறினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை சுமார் எண்பது கிலோமீட்டர், டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய், இரண்டு மணி நேரம். இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். குளித்தலை தாண்டியதிலிருந்து காவிரி கூடவே வரும். ஆடியில் தண்ணீர் இரு கரையும் தொட்டுக்கொண்டு போகிறது. அந்த ஆற்றை ஜன்னலில் கோமதி பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் முழங்கையால் இடிப்பாள். அன்று பக்கத்தில் இருந்தவர் முழு நேரமும் தூங்கினார், என்னை யாரும் இடிக்கவில்லை.

சத்திரத்தில் ஒன்றாம் நம்பர் பஸ். ஸ்ரீரங்கத்துக்கு இதற்காகக் காத்திருக்கவே வேண்டாம், ஒன்று போனால் பின்னாலேயே அடுத்தது வரும். பத்து ரூபாய். பாலத்தில் போக்குவரத்து இருந்தால் இருபது நிமிஷம். எட்டேகாலுக்குக் கீழ உத்தர வீதியில் நின்றேன். வெள்ளைக் கோபுரம் கிழக்குப் பக்கம் இருப்பதால் காலையில் வெயில் நேராக அதன் முகத்தில் விழும். போகிறவர்கள் ஒன்பதுக்கு முன்னால் போய்விடுங்கள். பத்துக்கு மேல் கண் கூசும்.

முதல் படம் எடுத்தேன், நன்றாக வந்தது. ஆனால் ஒரு மாடு குறுக்கே வந்திருந்ததால் இரண்டாவது எடுத்தேன். கோபுரம் மழைக்காலத்து மாலைபோல இருண்டுவிட்டது. மூன்றாவது எடுத்தேன், சிற்பங்கள் எல்லாம் கரைந்து ஒரே சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. இத்தனைக்கும் நான் நின்ற இடம் மாறவில்லை, வெயிலும் மாறவில்லை.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கரூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் போர்வை, திரைச்சீலைத் துணிகளுக்கு ஷேடு பார்ப்பது என் வேலை. சாயம் கொஞ்சம் கூடினாலும் கண்டுபிடித்து லாட்டையே திருப்பி அனுப்புகிறவன். என்னிடமே இந்தக் கேமரா விளையாடியதில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

பழைய கேமரா வைத்திருப்பவர்கள் செய்கிற எல்லாவற்றையும் அங்கேயே செய்தேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். லென்ஸைக் கழற்றி, அது கேமராவோடு பேசுகிற பித்தளைப் புள்ளிகளை வேட்டி நுனியால் துடைத்தேன். வெள்ளையான பொருளைப் பார்த்தால் கேமரா ஏமாந்துபோய் இருட்டாக எடுக்கும் என்பது தெரியும். அதனால் கோபுரத்தை விட்டுவிட்டு எதிரே இருந்த பச்சைக் கதவை எடுத்தேன். அதிலும் ஒரு படம் நன்றாக, ஒரு படம் இருட்டாக, ஒரு படம் வெளுப்பாக வந்தது. வெளிச்சத்தை அளக்கும் முறையை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் அதே கதைதான்.

துளசி மாலை விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் வெகு நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏங்க, நீங்க படம் எடுக்கறீங்களா, இல்ல அதோட சண்ட போடறீங்களா?” என்றார்.

“ரெண்டும்தாங்க” என்றேன்.

“அப்ப பெருமாளுக்கு ஒரு மால வாங்கிக்குங்க. சண்ட தீரும்.”

முப்பது ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். தரிசனத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. பெருமாளிடம் என்ன வேண்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஆனால் சன்னிதியில் நின்றபோது கேமரா சரியாக வேண்டும் என்றுதான் மனசு சொல்லியது. அங்கேயும் நேராகக் கேட்க வரவில்லை.

பதினோரு மணிக்கு மறுபடி ஒன்றாம் நம்பரில் சத்திரம் வந்து, நடந்தே மலைக்கோட்டைக் கடைவீதிக்குள் புகுந்தேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டம். துணிக்கடை வாசலில் மைக் வைத்து அலறுகிறார்கள். கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஸ்டுடியோக்காரர்களுக்கு ஆல்பம், ஃப்ளாஷ், பேட்டரி விற்கிற கடை இருக்கிறது. உரிமையாளர் பாய் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். விஷயத்தைக் கேட்டார். கேமராவை வாங்கி ஓடுகிற மின்விசிறியை ஒரு படம் எடுத்தார், வெளுத்திருந்தது. கடையிலிருந்த வேறு லென்ஸை மாட்டி இன்னொன்று எடுத்தார், அது சரியாக வந்தது.

“லென்ஸுதான் சார்” என்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

“இன்னொண்ணு எடுங்களேன்.”

எடுத்தார். கன்னங்கரேலென்று வந்தது. பாய் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். “அப்ப ஷட்டரு. சீக்கு முத்திப் போச்சு சார். மெட்ராசுக்கு அனுப்புனா ரெண்டு வாரத்துல வரும், இன்ஷா அல்லா. ஆனா அதுக்கு ஆகற செலவுக்கு நீங்க பழசா இன்னொண்ணு வாங்கிரலாம்.”

“எனக்கு இன்னைக்கே வேணும் பாய்.”

“வீட்ல விசேஷமா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் காசு எதுவும் வாங்கவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்து, “மூணு நாலு எடுத்து வைங்க சார், ஒண்ணாவது தேறும்” என்று சொல்லி அனுப்பினார். நல்ல மனுஷன். ஷட்டர் என்று அவர் சொன்னது தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அவர் எடுத்ததே மூன்று படம், அதை வைத்து யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

சத்திரத்திலிருந்து திருவெள்ளறைக்குத் துறையூர் போகும் சாலையில் சுமார் இருபது கிலோமீட்டர். டவுன் பஸ்ஸும் உண்டு, துறையூர் பஸ்ஸும் நிற்கும். எனக்கு இருபத்திரண்டு ரூபாய் ஆனது. ஐம்பது நிமிஷப் பயணம். உட்கார இடம் கிடைத்ததால் காலையில் எடுத்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இருண்டவற்றைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது, அவற்றில் சிற்பங்கள் ஆழமாகத் தெரிந்தன. வெளுத்தவைதான் எரிச்சலூட்டின. அவை அத்தனையையும் பஸ்ஸிலேயே அழித்தேன். ஷேடு தப்பின துணியை ஒதுக்கித் தள்ளுகிற அதே விரல்.

ஒன்றரைக்கு இறங்கியபோது கோயில் நடை சாத்தியிருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: மதியம் போனால் நாலு மணி வரை காத்திருக்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில் ஒரு சின்னக் கடையில் தயிர்சாதம் கிடைக்கும், மற்றபடி சாப்பாட்டைத் திருச்சியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. எனக்குக் கோயில் அவசரமில்லை. கோமதி கேட்டது குளம். அது கோயிலுக்கு வெளியே இருக்கிறது, அன்று கம்பிக் கதவும் திறந்திருந்தது.

அந்தக் குளத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நடுவில் சதுரமான கிணறு, அதற்கு நாலு பக்கமும் படிக்கட்டுகள், ஒவ்வொரு படிக்கட்டும் பாதியில் மடங்கித் திரும்பி இறங்கும். மேலே இருந்து பார்த்தால் ஸ்வஸ்திகம். ஒரு துறையில் இறங்குகிறவருக்கு மற்ற துறையில் இருப்பவர் தெரியாது. மாமியார் குளம், மருமகள் குளம் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குளித்துவிட்டுப் போகலாமாம். போன லீவில் கோமதி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இறங்கினோம். அவள் சிரிப்பது எனக்குப் பக்கத்தில் கேட்டது, எங்கே என்று தெரியவில்லை. ஆறு வருஷமாக எங்கள் குடும்பம் அப்படித்தான் நடக்கிறது என்று அன்றைக்குத் தோன்றவில்லை. இந்தச் சனிக்கிழமை தோன்றியது.

வேப்பமர நிழலில் உட்கார்ந்து ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, ஆபீஸில் செய்வதுபோலச் செய்தேன். பையின் மேல் கேமராவை ஆடாமல் வைத்து, எதிரே இருந்த கல் சுவரை அப்படியே வரிசையாகப் படம் எடுத்தேன். எதையும் மாற்றவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் நின்று பார்த்தார். “என்ன சார், இவ்ளோ தூரம் வந்து சொவத்தையே எடுக்கறீங்க?”

“கேமரா சரியில்லங்க. சோதிக்கறேன்.”

“சொவரு நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

எடுத்ததை ஒழுங்காகப் பார்த்தேன். சரி, இருட்டு, வெளுப்பு. சரி, இருட்டு, வெளுப்பு. மறுபடியும் சரி, இருட்டு, வெளுப்பு. ஒரு இடத்தில்கூட வரிசை தப்பவில்லை. கெட்டுப்போன இயந்திரம் இப்படித் தாளம் போடாது. காலையிலிருந்து நான் படங்களைத் தனித்தனியாகப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேனே தவிர, வரிசையைப் பார்க்கவில்லை. வெயிலுக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், மூலையில் கடுகளவு மூன்று கோடுகள் தெரிந்தன. பிராக்கெட்டிங். ஒரே காட்சியை அளவாக ஒன்று, வெளிச்சம் குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று என்று மாற்றி மாற்றி எடுக்கிற வசதி. அதை யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ! கோமதிதான்.

அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. எனக்கு இருண்ட படம் பிடிக்கும், அவளுக்கு வெளிச்சமான படம். “மொகம் தெரிய வேணாமா? எல்லாரும் கரண்டு போன வீட்ல நிக்கற மாதிரி இருக்கு” என்பாள். “நீ எடுத்தா எல்லாரும் பவுடர் டப்பாவுல விழுந்த மாதிரி இருக்காங்க” என்று நான் சொல்வேன். கல்யாணமான நாளிலிருந்து தீராத வழக்கு. போன லீவில் ஒரு நாள் அவள் கேமராவின் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எதையோ நோண்டிவிட்டு, “இனிமே உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, நடுவுல ஊருக்கு ஒண்ணு. சண்ட கெடையாது” என்றாள். நான் மெனுவுக்குள் போனதே இல்லை. லீவு முடிந்து அவள் போய்விட்டாள். கேமரா தேதியை மறந்தது, இதை மறக்கவில்லை. பேட்டரியைக் கழற்றியும் மறக்கவில்லை.

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. காலையிலிருந்து நான் எடுத்த ஒவ்வொரு மூன்றிலும் ஒன்று அவளுடையது. அதைத்தான் பஸ்ஸில் உட்கார்ந்து ஒன்று விடாமல் அழித்திருக்கிறேன். அவள் பக்கத்தில் வேண்டும் என்று அந்த வேப்பமரத்தடியில் உடம்பு முழுக்கத் தோன்றியது. படமும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம், அவள் வந்து என்னைத் திட்டினால் போதும்.

அமைப்பை மாற்றாமலே குளத்தின் நாலு பக்கமும் மூன்று மூன்றாக எடுத்தேன். கார்டை ரீடரில் போட்டு, போனுக்கு மாற்றி, ஒரு துறையின் மூன்று படங்களையும் அப்படியே அனுப்பினேன். அங்கே மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சாப்பாட்டு இடைவேளையாக இருக்க வேண்டும், உடனே கூப்பிட்டாள். சிரித்துக்கொண்டே பேசினாள்.

“அய்யோ, நான் போட்டு வச்சது அப்படியேவா இருக்கு? மூணாவதுதாங்க அழகு. தண்ணி பச்ச தெரியுது பாருங்க.”

“ரெண்டாவதுதான் அழகு.”

“ஆரம்பிச்சிட்டீங்களா!”

அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை. “கோமதி, வந்துடு. கையெழுத்து போடாத. என்னால முடியல” என்றேன். சொல்லி முடித்ததும் என் குரலே எனக்கு வேறு மாதிரி கேட்டது.

அவள் கரண்டியைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள். “காலைலயே போட்டுட்டேங்க. ரெண்டு வருஷம் கேட்டாங்க, ஒரு வருஷம்னு போட்டேன்.”

நான் குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஏங்க, இங்க நான் வார்டு இன்சார்ஜ். பதினெட்டு பேரு எங்கிட்ட கேட்டுட்டுத்தான் எதையும் செய்வாங்க. அங்க வந்தா மறுபடியும் ஏதாவது நர்சிங் ஹோம்ல டிரிப் ஏத்திக்கிட்டு நிக்கணும். எனக்கு இந்த வேல பிடிச்சிருக்கு. அத ஒரு நாளும் நீங்க கேக்கல, நானும் சொல்லல.”

“போட்டோ எடுத்து அனுப்புன்னு கேட்டியே...”

“ஊரப் பாக்கணும்னு இருந்துச்சு, கேட்டேன். நீங்க அத வச்சு என்னைத் திரும்ப வரவச்சிடலாம்னு போயிருக்கீங்க, அதானே? எனக்கு உங்களத் தெரியாதா?” என்றாள். பிறகு குரல் உடைந்து, “இப்ப இங்க மழ. ஊரே பச்சையா, பனி மூட்டமா இருக்கு. தென்ன மரம், வாழ மரம் எல்லாம் இருக்கு. நீங்க பார்த்தா ஒரு நாள்ல ஆயிரம் போட்டோ எடுப்பீங்க. ஊர் ஊரா சுத்தி எழுதறீங்களே, நான் இருக்கற ஊருக்கு வரேன்னு ஒரு தடவ சொன்னீங்களா?” என்று கேட்டாள்.

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போயிட்டு வரேன் என்று வைத்துவிட்டாள். நான் நாலு மணி வரை அந்தப் படியில் உட்கார்ந்திருந்தேன். நடை திறந்ததும் உள்ளே போய்ப் பெருமாளைச் சேவித்தேன். அவளோடு இருக்க வேண்டும் என்று இந்தத் தடவை நேராகவே கேட்டேன். ஆறேகால் மணிக்குச் சத்திரத்தில் கரூர் பஸ் ஏறினேன்.

இதே வழியில் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பஸ்ஸிலேயே போய் வந்தால் சாப்பாட்டோடு சேர்த்து ஒருவருக்கு ஐந்நூறு ரூபாய் தாராளமாகப் போதும். ஸ்ரீரங்கத்தைக் காலையிலும் திருவெள்ளறையை நாலு மணிக்குப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள், கோயிலையும் குளத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். கோயில்களுக்குள் கேமரா விஷயத்தில் வாசலிலேயே கேட்டுக்கொள்வது மரியாதை.

பழைய கேமரா வெளிச்சத்தில் குளறினால் கடைக்கு ஓடுவதற்கு முன் அதை அசையாமல் வைத்து ஒரே சுவரைப் பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். குளறுபடி வரிசையாக வந்தால் அது பழுதில்லை, யாரோ போட்ட அமைப்பு. மெனுவில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் வசதி இருக்கும். வரிசையில்லாமல் வந்தால் லென்ஸை மாற்றிப் பாருங்கள். லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து வைத்தால் மட்டும் சரியாக வருகிறதென்றால் உள்ளே இருக்கும் இதழ்கள் ஒட்டிக்கொள்கின்றன என்று அர்த்தம். லென்ஸ் மாற்றியும் தீராவிட்டால்தான் ஷட்டரைச் சந்தேகிக்க வேண்டும். எது எப்படியிருந்தாலும் வீடு வந்து பெரிய திரையில் பார்க்கும்வரை எந்தப் படத்தையும் அழிக்காதீர்கள். அழித்ததை மீட்கிற மென்பொருள் உண்டுதான். ஆனால் அதே கார்டில் மேலே மேலே எடுத்துவிட்டால் பழையது போய்விடும். எனக்குக் கோபுரத்தில் இரண்டே இரண்டு திரும்பக் கிடைத்தன.

இனி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இத்தனை ஊர் எழுதியிருக்கிறேனே தவிர, பாஸ்போர்ட் எடுத்ததில்லை. இந்த வாரம்தான் விண்ணப்பித்திருக்கிறேன். விசாவை அவள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். சலாலா போய் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். திருச்சியிலிருந்து எப்படிப் போவது, எங்கே மாறுவது, மழைக்கு என்ன துணி எடுத்துப் போவது, விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் பஸ் உண்டா. அவளிடமே கேட்டால் எல்லாம் சொல்வாள், வாசலுக்கே வந்து அழைத்துக்கொண்டும் போவாள். ஆனால் ஆறு வருஷமாக ஒவ்வொரு தடவையும் வழி விசாரித்து வந்தது அவள்தான். இந்த ஒரு தடவை நான் விசாரித்துக்கொண்டு போய் அவள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.